டோரிஸ் மில்லர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தால் நான் டோரிஸ் மில்லரைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. கேட்பவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவரைப் பற்றி உலவும் கதைகளில் பாதி உண்மை, பாதி ஊதிப் பெரிதாக்கியது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த டோரிஸ் மில்லர்? சுருக்கமா சொல்லுங்களேன்.

அமெரிக்கக் கடற்படையில் இருந்த கறுப்பின மாலுமி. 1941 டிசம்பர் 7 அன்று ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ல் ஹார்பரை, நம் பாடப்புத்தகங்கள் முத்துத் துறைமுகம் என்று சொல்லும் அந்த இடத்தை, ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அப்போது மில்லர் யுஎஸ்எஸ் வெஸ்ட் வர்ஜீனியா என்ற போர்க்கப்பலில் அதிகாரிகளுக்கு உணவு பரிமாறும் பணியாளராக இருந்தார். அன்று அவர் காட்டிய துணிச்சலுக்காக நேவி கிராஸ் என்ற உயர்ந்த விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான்.

பிறந்தது 1919 அக்டோபர் 12, டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரத்துப் பக்கம். அப்பா அம்மா இருவரும் குத்தகை விவசாயக் குடும்பம். நான்கு மகன்களில் இவர் மூன்றாவது. 1939 செப்டம்பரில், இருபது வயது முடிவதற்குள், கடற்படையில் சேர்ந்தார்.

ஆம்பளைக்கு டோரிஸ்னு பேரா? சில இடத்துல டோரின்னும் போட்டிருக்கே?

பிறக்கப்போவது பெண் குழந்தைதான் என்று மருத்துவச்சி உறுதியாக நம்பினாராம். அதனால் பெண் பெயர் தயாராக இருந்தது, ஆண் குழந்தை பிறந்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது என்பதுதான் குடும்பத்தில் சொல்லப்பட்ட காரணம். டோரி என்பது பிற்பாடு பத்திரிகைகளில் பரவிய பெயர். ஆவணங்களில் இருப்பது டோரிஸ் மில்லர். இரண்டும் ஒரே ஆள்தான்.

சமையல்காரர்தானே அவர்? போர்க்கப்பல்ல அவருக்கு என்ன வேலை?

அன்றைக்கு அவர் சமையல்காரர்கூட இல்லை. 'மெஸ் அட்டெண்டன்ட்' என்ற கடைநிலைப் பணியாளர். மூன்றாம் நிலையில் சேர்ந்து, தாக்குதல் நடந்தபோது இரண்டாம் நிலையில் இருந்தார். அதிகாரிகளின் சாப்பாட்டு மேசையைத் தயார் செய்வது, பரிமாறுவது, அவர்கள் படுக்கையைச் சீர்செய்வது, காலணிக்கு மெருகு போடுவது, அழுக்குத் துணியைச் சேகரித்துச் சலவைக்கு அனுப்புவது, இதெல்லாம்தான் வேலை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்க்கப்பலில் எச்சரிக்கை மணி அடித்தால் எல்லோருக்கும் ஒரு போர்க்கால இடம் உண்டு. பரிமாறுகிறவர் என்றால் போரின்போது ஒதுங்கி நிற்கலாம் என்பதில்லை. மில்லருக்கு ஒதுக்கப்பட்ட இடம், கப்பலின் நடுப்பகுதியில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான வெடிபொருள் கிடங்கு. ஆபத்தில் பங்கு கொடுத்தார்கள், பதவியில் கொடுக்கவில்லை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஆள் நல்ல பலசாலி, குத்துச்சண்டை வேற தெரியும்கிறாங்க. அப்புறம் ஏன் பீரங்கிப் பிரிவுல சேரல?

சேர விதி இடம் கொடுக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், அமெரிக்கக் கடற்படை கறுப்பினத்தவரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியது. 1930-களின் தொடக்கத்தில் மீண்டும் சேர்க்க ஆரம்பித்தபோது, மெஸ் பிரிவுக்கு மட்டும் என்று கதவைப் பாதிதான் திறந்தார்கள். பிலிப்பைன்ஸிலிருந்தும் குவாமிலிருந்தும் சேர்ந்தவர்களுக்கும் பெரும்பாலும் அதே பிரிவுதான். ஆயுதப் பயிற்சி, தொழில்நுட்பப் பிரிவு, அதிகாரி பதவி எதுவுமே கிடையாது. ஒருவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் அது கணக்கில் வராது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். மில்லர் ஆறடிக்கு மேல் உயரம், பள்ளியில் அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர், வெஸ்ட் வர்ஜீனியாவில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். அந்தக் கப்பலில் அவரை அறியாதவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். அப்படிப்பட்டவரின் அன்றாட வேலை தட்டு எடுப்பது. இந்த முரணைப் புரிந்துகொள்ளாமல் டிசம்பர் 7-ல் அவர் செய்ததன் எடை நமக்குத் தெரியாது.

அன்னைக்குக் காலைல உண்மையா என்னதான் நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து காலை உணவு பரிமாறிவிட்டு, துணி சேகரித்துக்கொண்டிருந்தார் மில்லர். எட்டு மணி ஆகச் சில நிமிடங்கள் இருக்கும்போது முதல் டார்பிடோ கப்பலைத் தாக்கியது. எச்சரிக்கை ஒலித்ததும் தன் இடமான வெடிபொருள் கிடங்குக்கு ஓடினார். அது ஏற்கெனவே டார்பிடோ அடியில் சிதைந்துவிட்டது. கப்பலின் நீளவாட்டு நடைபாதையும் குறுக்கு நடைபாதையும் சந்திக்கும் ஓர் இடத்துக்கு மாலுமிகள் 'டைம்ஸ் ஸ்கொயர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே போய், வேறு என்ன வேலை இருந்தாலும் செய்கிறேன் என்று நின்றார்.

அங்கிருந்த ஒரு அதிகாரி, ஆளின் உடல்வலிமையைப் பார்த்து, பிரிட்ஜ் எனப்படும் கட்டளை மேடைக்கு அழைத்துப் போனார். கப்பலின் கேப்டன் மெர்வின் பெனியன் அங்கே வயிற்றில் பலத்த காயத்தோடு கிடந்தார். பக்கத்தில் நின்ற டென்னசி கப்பலில் விழுந்த குண்டின் சிதறல் அவரைத் தாக்கியிருந்தது. மில்லரும் இன்னொரு மாலுமியும் அவரைத் தூக்கி, வெட்டவெளியிலிருந்து கவசக் கோபுரத்தின் பின்னால் சற்று மறைவான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு மேல் நகர கேப்டன் மறுத்துவிட்டார். அந்த நிலையிலும் கப்பலின் நிலைமையை விசாரித்துக்கொண்டும் உத்தரவு கொடுத்துக்கொண்டும் இருந்தார்.

அடுத்து லெப்டினன்ட் பிரெடரிக் ஒயிட், ஆளில்லாமல் நின்ற இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்ப உதவும்படி மில்லரிடம் சொன்னார். கூட இருந்தவர் விக்டர் டெலானோ என்ற இளம் அதிகாரி. மில்லர் தோட்டாப் பட்டையை ஊட்டிக்கொண்டிருப்பார் என்றுதான் டெலானோ நினைத்தார். கவனம் வேறு பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், ஒரு துப்பாக்கியை மில்லரே இயக்கிச் சுட்டுக்கொண்டிருந்தார். தோட்டா தீரும் வரை சுட்டார்.

பெரும்பாலானவர்கள் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கப்பல் எரிகிறது, உள்ளே தண்ணீர் ஏறுகிறது, மேலே எல்லாம் எண்ணெய். அந்த எண்ணெயிலும் தண்ணீரிலும் காயம்பட்டவர்களை இழுத்தும் சுமந்தும் பின்தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் மில்லர். அவர் இல்லையென்றால் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று ஒயிட் தன் அறிக்கையில் எழுதினார்.

துப்பாக்கிப் பயிற்சியே இல்லாதவர் எப்படிச் சுட்டார்? நம்புற மாதிரி இல்லையே.

நியாயமான சந்தேகம். அது பிரௌனிங் வகை, அரை அங்குல விட்டமுள்ள குழல் கொண்ட விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கி. அதில் மில்லருக்கு முறையான பயிற்சி இல்லை. எப்படி இயக்குவது என்று அங்கிருந்த அதிகாரிகள் அந்த நேரத்தில் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அந்தத் துப்பாக்கியை இயக்கும்போது முன்பே பார்த்திருந்ததாகவும், கஷ்டமாக இல்லை, விசையை இழுத்ததும் நன்றாகவே வேலை செய்தது, பதினைந்து நிமிடம் சுட்டிருப்பேன் என்றும் மில்லரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விவரமும் உண்டு. 1940 கோடையில் சில வாரங்கள் அவர் யுஎஸ்எஸ் நெவாடா கப்பலில், துணைப் பீரங்கிகளுக்கான பயிற்சிப் பள்ளி நடந்த காலத்தில் பணியில் இருந்தார். அதை வைத்து அவரைப் பயிற்சி பெற்றவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆயுதத்தையே கண்ணால் பார்த்திராதவர் என்று சிலர் வர்ணிப்பதும் சரியில்லை.

எத்தனை விமானத்தை வீழ்த்தினார்? நாலுங்கிறாங்க, ஆறுங்கிறாங்க.

உறுதியான எண்ணிக்கை எதுவும் இல்லை. ஒன்றை வீழ்த்தியிருப்பேன் என்று நினைப்பதாக மில்லர் சொன்னார். அவ்வளவுதான். விருதுக்கான அதிகாரபூர்வப் பாராட்டுரையிலும் அவர் விமானத்தை வீழ்த்தியதாக ஒரு வார்த்தை கிடையாது. ஜப்பானிய விமானங்களை நோக்கி இயந்திரத் துப்பாக்கியை இயக்கினார் என்று மட்டுமே இருக்கிறது.

அன்று ஜப்பான் இழந்த விமானங்கள் மொத்தமே 29. துறைமுகம் முழுவதும் கப்பல்களிலிருந்தும் கரையிலிருந்தும் எல்லோரும் ஒரே வானத்தை நோக்கிச் சுட்டார்கள். யார் குண்டு எதில் பட்டது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. நாலு, ஐந்து, ஆறு என்ற எண்கள் பின்னால் கதை கைமாறும்போது ஏறியவை. அவர் மேல் உள்ள மரியாதையால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் அந்த எண்களைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது அதைப் பொய் என்று நிரூபித்தால், உண்மையாக நடந்ததையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

அந்த கேப்டனும் கப்பலும் என்ன ஆச்சு?

கேப்டன் பெனியன் அன்றே, பிரிட்ஜிலேயே இறந்தார். அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது.

வெஸ்ட் வர்ஜீனியா டென்னசிக்கு வெளிப்புறம் கட்டப்பட்டிருந்ததால் டார்பிடோக்களை நேராக வாங்கியது. கூடவே இரண்டு குண்டுகளும் விழுந்தன. ஒரு பக்கம் தண்ணீர் ஏறிக் கப்பல் சாயத் தொடங்கியதும், மறுபக்க அறைகளிலும் வேண்டுமென்றே கடல்நீரை விட்டுச் சமப்படுத்தினார்கள். அதனால் கவிழாமல் நிமிர்ந்தபடியே துறைமுகத்தின் கடலடித் தரையில் உட்கார்ந்தது. அருகே நின்ற ஒக்லஹோமா கவிழ்ந்து 429 பேர் இறந்ததோடு ஒப்பிட்டால் இந்த முடிவு எத்தனை உயிரைக் காத்தது என்று தெரியும். இருந்தும் வெஸ்ட் வர்ஜீனியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1942 மே மாதம் அதை மிதக்கவைத்து, பழுது பார்த்து, 1944-ல் மறுபடி போருக்கு அனுப்பினார்கள். 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்தபோது இந்தக் கப்பலும் அங்கே நின்றது.

அவர் பேரையே வெளியே சொல்லாம மறைச்சாங்களாமே?

1942 ஜனவரி 1 அன்று பேர்ல் ஹார்பரில் பாராட்டுக்குரியவர்களின் பட்டியலைக் கடற்படை வெளியிட்டது. அதில் 'பெயர் குறிப்பிடாத ஒரு நீக்ரோ' என்று மட்டும் இருந்தது. அன்றைய வழக்கில் கறுப்பினத்தவரைக் குறித்த சொல் அது. துணிச்சலை ஒப்புக்கொண்டார்கள், ஆளுக்குப் பெயர் இல்லை.

யார் அவர் என்று கறுப்பினப் பத்திரிகைகளும் உரிமை இயக்கங்களும் விடாமல் கேட்டன. இதில் முன்னணியில் நின்றது பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின வார இதழ். மார்ச் மாதம்தான் டோரிஸ் மில்லர் என்ற பெயர் வெளியே வந்தது. தாக்குதல் நடந்து மூன்று மாதம் கழித்து! வேண்டுமென்றே மறைத்தார்களா, அலட்சியமா என்று வாதிடலாம். பெயரைத் தேட வேண்டிய பொறுப்பு கடற்படையைவிட அந்தச் சமூகத்தின் தலையில்தான் விழுந்தது என்பதில் வாதம் இல்லை.

நேவி கிராஸ்ங்கிறது எவ்வளவு பெரிய விருது? எப்போ கொடுத்தாங்க?

முதலில், 1942 ஏப்ரல் 1 அன்று, கடற்படைச் செயலர் பிராங்க் நாக்ஸ் ஒரு பாராட்டுக் கடிதம் மட்டும் கொடுத்தார். அழுத்தம் தொடர்ந்தது. மே 11 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் நேவி கிராஸுக்கு ஒப்புதல் தந்தார். மே 27 அன்று, பேர்ல் ஹார்பரில் நின்ற எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில், பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் தம் கையாலேயே அதை மில்லரின் சட்டையில் குத்தினார். இந்தப் போரில் பசிபிக் கடற்படையில் இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு இவ்வளவு உயர்ந்த மரியாதை செய்வது இதுவே முதல் முறை என்று அங்கே குறிப்பிட்டார்.

அன்றைய வரிசைப்படி நேவி கிராஸ் மூன்றாவது இடத்தில் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் சட்டத்தை மாற்றி, மெடல் ஆஃப் ஆனருக்கு அடுத்த இரண்டாம் இடத்துக்கு உயர்த்தினார்கள். அதனால்தான் ஒரு இடத்தில் இரண்டாவது என்றும் இன்னொரு இடத்தில் மூன்றாவது என்றும் படிக்கிறீர்கள்.

அப்போ மெடல் ஆஃப் ஆனர் ஏன் கொடுக்கல?

முயற்சி நடந்தது. 1942-லேயே செனட் சபையில் ஜேம்ஸ் மீட், பிரதிநிதிகள் சபையில் ஜான் டிங்கல் இருவரும் மில்லருக்கு அந்த விருது வழங்க மசோதா கொண்டுவந்தார்கள். நிறைவேறவில்லை. பிற்காலத்திலும் டெக்சாஸைச் சேர்ந்த எடி பெர்னிஸ் ஜான்சன் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலமுறை முயன்றார்கள்.

இனப் பாகுபாடுதான் காரணமா என்று நேராகக் கேட்பார்கள். ஒரு தனி முடிவின் பின்னால் இருந்த மனதை நம்மால் படிக்க முடியாது. மொத்தக் கணக்கைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் ஒரு கறுப்பினத்தவருக்குக்கூட மெடல் ஆஃப் ஆனர் தரப்படவில்லை. தவறை மறுபரிசீலனை செய்து 1997-ல் ஏழு பேருக்கு வழங்கினார்கள். ஏழு பேரும் தரைப்படையினர். கடற்படையில் ஒருவரும் இல்லை. என் கருத்தைக் கேட்டால், கண்ணால் பார்த்த அதிகாரிகளின் சாட்சியம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மில்லரின் வழக்கைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

பதக்கம் வாங்கின பிறகாவது பீரங்கிப் பிரிவுக்கு மாத்தினாங்களா?

இல்லை. தாக்குதலுக்குப் பிறகு அவர் மாற்றப்பட்ட இண்டியானாபொலிஸ் கப்பலில் தொடர்ந்து அதே மெஸ் வேலைதான். நேவி கிராஸ் அணிந்தவர் மறுபடியும் மேசை துடைக்கப் போனார். வெள்ளையின வீரர்களை நாடு முழுக்க அழைத்துப் போய்க் கொண்டாடுகிறீர்களே, மில்லரை ஏன் அழைக்கவில்லை என்று பிட்ஸ்பர்க் கூரியர் மறுபடி கிளப்பியது. 1942 இறுதியில்தான் அவரை ஊருக்கு அனுப்பி, போர்க் கடன் பத்திர விற்பனைக்காகப் பல நகரங்களில் பேசவைத்தார்கள். வேக்கோவுக்கும் போய்க் குடும்பத்தைப் பார்த்தார். 1943-ல் அவர் முகத்தோடு ஆள்சேர்ப்புச் சுவரொட்டியும் வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் மூன்றாம் நிலைச் சமையல்காரராகப் பதவி உயர்வு கிடைத்தது. பதவி ஏறியது, பிரிவு மாறவில்லை.

எப்படி இறந்தார்? உடல் கிடைச்சுதா?

உடல் கிடைக்கவில்லை. கடைசியாக அவர் பணியாற்றியது லிஸ்கம் பே என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பல். பசிபிக்கின் கில்பர்ட் தீவுகளில் மேக்கின் அருகே, 1943 நவம்பர் 24 விடியற்காலையில், ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-175 ஏவிய டார்பிடோ அதைத் தாக்கியது. விமானக் குண்டுகள் அடுக்கியிருந்த கிடங்கு வெடித்து, 23 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. 640-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 272 பேர்தான் பிழைத்தார்கள்.

காணவில்லை என்ற செய்தி பெற்றோருக்கு வந்தது டிசம்பர் 7 அன்று. ஓராண்டு கழித்து, 1944 நவம்பரில், இறந்ததாக அறிவித்தார்கள். அவருக்கு வயது 24.

அவரால ஏதாவது மாறுச்சா, இல்ல வெறும் சுவரொட்டியோட சரியா?

மாறியது. ஆனால் அவர் ஒருவரால் மட்டும் என்று சொன்னால், பல ஆண்டு போராடிய மற்றவர்களுக்கு அநியாயம். மெஸ் பிரிவைத் தாண்டி மற்ற பிரிவுகளிலும் கறுப்பினத்தவரைச் சேர்ப்போம் என்று கடற்படை 1942 ஏப்ரலில், மில்லரின் பெயர் வெளிவந்த சில வாரங்களிலேயே அறிவித்தது. ஜூன் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பயிற்சி அப்போதும் தனித்தனியாகத்தான். முதல் கறுப்பின அதிகாரிகள் பதவியேற்றது 1944 மார்ச்சில். 1948 ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன் பிறப்பித்த 9981-ஆம் உத்தரவுதான் படைகளில் சம வாய்ப்பைக் கொள்கையாக்கியது. மில்லர் இதில் எதையுமே முழுதாகப் பார்க்கவில்லை.

வீரம்னா துப்பாக்கி எடுத்துச் சுட்டதுதானே? நீங்க ஏன் மத்ததையே பேசுறீங்க?

பாராட்டுரையைப் படித்தால் அதன் வரிசை வேறு மாதிரி இருக்கும். குண்டுவீச்சுக்கும் தீக்கும் நடுவே கேப்டனைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த உதவியதுதான் முதலில் வருகிறது. துப்பாக்கி அதற்கு அடுத்துத்தான். எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் மாலுமிகளை இழுத்து வந்தது அதில் இடம்பெறவே இல்லை, அது ஒயிட்டின் அறிக்கையில்தான் இருக்கிறது. சுட்டதால் விமானம் விழுந்ததா என்று மேலே சொன்னதுபோல யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இழுத்து வந்தவர்கள் பிழைத்தார்கள் என்பது கண்ணால் பார்த்தவர் எழுதியது.

சுட்டதும் பெரிய செயல்தான், மறுக்கவில்லை. இந்தக் கையில் துப்பாக்கி கொடுக்கக் கூடாது என்று விதி வைத்தவர்களின் கண்முன்னே அதே கை அதைப் பிடித்தது. கறுப்பின மக்கள் அந்தக் காட்சியைக் கொண்டாடியதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று காலை வெஸ்ட் வர்ஜீனியாவில் இருந்த ஒரு காயம்பட்ட மாலுமியைக் கேட்டால், அவர் வேறு ஒன்றைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

அவர் பேர்ல கப்பல் இருக்காமே, ஒண்ணா ரெண்டா?

இரண்டு. யுஎஸ்எஸ் மில்லர் என்ற போர்க்கப்பல் 1973-ல் சேவைக்கு வந்து, பிறகு ஓய்வு பெற்றது. 2020 ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளன்று, பேர்ல் ஹார்பரிலேயே அடுத்த அறிவிப்பு வந்தது: ஃபோர்டு வகை அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு யுஎஸ்எஸ் டோரிஸ் மில்லர் என்று பெயர். அதன் எண் 81.

அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களில் பல அதிபர்களின் பெயரைத் தாங்கியவை. ஒரு கறுப்பினத்தவர் பெயரும், அதிகாரி அல்லாத ஒரு சாதாரண மாலுமியின் பெயரும் சூட்டப்படுவது இதுவே முதல் முறை. வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் கட்டுதளத்தில் அதைக் கட்டுகிறார்கள்.